வாசகர் கேள்வி – பதில்: உடன்பிறந்தவர்களுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர்கள்

கேள்வி: சான்டில்யானாவின் முதல் மார்க்கீஸ் (உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்றவர்) ஆன இனிகோ லோபெஸ் தே மென்டோசாவின் மகன்களில் ஒருவர் டியேகோ உர்த்தாதோ தே மென்டோசா, இன்னொருவர் பேத்ரோ லாஸோ தே லா வேகா, வேறொருவர் லோரென்சோ சுவாரெஸ் தே ஃபிகெரோவா என்று குறிக்கப்படுகின்றனர். ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் அமையுமா?

பதில்: அமையும். பிள்ளைகள் தந்தையின் குடும்பப் பெயரையே தாங்க வேண்டும் என்ற கட்டாயம் பதினைந்தாம் நூற்றாண்டில், இன்று ஸ்பெயினின் பகுதியாக உள்ள காஸ்டில் நாட்டில் இல்லை. டியேகோ உர்த்தாதோ என்பது காஸ்டிலின் கடற்படைத் தலைவராக இருந்த தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். லோரென்சோ சுவாரெஸ் என்பது சான்டியாகோ வீரத்துறவியர் அமைப்பின் தலைவராக இருந்த தாய்வழிப் பாட்டனாரின் பெயர். லாஸோ தே லா வேகா என்பதோ மார்க்கீஸின் தாயார் லியோனோர் பிறந்த குலத்தின் பெயர்.

இந்த லியோனோரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மென்டோசா குடும்பத்தின் பெருமையைப் பேசுவோர் பலரும் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. வடக்கே சான்டில்யானாவைச் சூழ்ந்த பகுதியில் தம் பிறந்த வீட்டு உரிமைகளைப் பெற்றிருந்த அவர், முதல் கணவரை 1385ஆம் ஆண்டு அல்ஜுபரோட்டா போரில் இழந்து, பின்னர் கடற்படைத் தலைவரை மணந்தார். அவரும் 1404இல் இறந்தபோது மகன் இனிகோவுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. கடற்படைத் தலைவரின் முதல் மனைவிக்குப் பிறந்த அல்தோன்சா தந்தையின் சொத்தில் உரிமை கோர, வடக்கிலோ லியோனோரின் முதல் திருமணத்து மகளை மணந்த மன்ரீக்கே குடும்பத்தாருடன் வழக்கு மூண்டது. இவற்றுக்கு நடுவே மகனின் உரிமைகளுக்காகப் போராடியதோடு, 1408இல், அவன் பத்து வயதை எட்டும் வேளையில், சான்டியாகோ தலைவரின் மகள் கத்தலீனாவுடன் திருமண ஒப்பந்தமும் செய்துவைத்தார். 1445இல் ஒல்மேதோ போருக்குப் பின் மன்னர் இரண்டாம் ஹுவான் அம்மகனுக்கு வழங்கிய மார்க்கீஸ் பட்டம் சான்டில்யானாவின் பெயரில் அமைந்தது. அது தாய்வழி நிலத்தின் பெயர் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அப்படியானால் பெண்களும் சொத்துரிமை பெற்றார்களா? மூத்த மகனுக்கே எல்லாம் என்ற வழக்கம் எப்போது வந்தது?

பதில்: காஸ்டிலின் பழஞ்சட்டம் முன்பு ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்தியர் காலத்து மரபிலிருந்து வந்தது, பெற்றோரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் பங்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. மணமகன் தன் சொத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மணமகளுக்கு அளிக்கும் அர்ராஸ், அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் சீதனம், மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் பாதி ஆகியவற்றுக்கும் மனைவி உரியவள். இவ்வாறு தலைமுறைதோறும் பிரிந்தால் பெருங்குடும்பம் சிதறிவிடும் என்று அஞ்சிய பிரபுக்கள், குடும்ப நிலத்தைப் பிரிக்காமல் ஒரே வாரிசுக்குச் சேர்க்கும் மயோராஸ்கோ என்ற ஏற்பாட்டை அரச அனுமதியுடன் பெருமளவில் கைக்கொண்டனர். 1369இல், மன்னராக இருந்த தம் மாற்றாந்தாய் வழித் தம்பி பேத்ரோவைக் கொன்று அரியணையை உறுதி செய்துகொண்ட இரண்டாம் என்ரிக்கே, தம்மை ஆதரித்தவர்களுக்கு ஊர்களையும் பட்டங்களையும் வாரி வழங்கிய பிறகு இது வேகமாகப் பரவியது. 1505ஆம் ஆண்டு தோரோ சட்டங்கள் இதற்குத் தெளிவான விதிகளை வகுத்தன.

மயோராஸ்கோவில் சேர்ந்த நிலத்தை விற்கவோ பிரிக்கவோ இயலாது. பொதுவாக அது மூத்த மகனுக்குச் சேரும். மகன் இல்லையெனில், வழக்கமான ஏற்பாட்டில், சித்தப்பாவுக்குப் போகாமல் மகளுக்கே வரும். இதனால்தான் ஆண்வாரிசு இல்லாத வீட்டு மகளின் திருமணம் அரசவையே தலையிடும் விவகாரமாயிற்று. நிறுவியவரின் பெயரையும் குலச்சின்னத்தையும் வாரிசு தாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல மயோராஸ்கோ ஆவணங்களில் உண்டு என்பதால், தாய்வழியே சொத்துப் பெற்ற மகன் தந்தையின் பெயரை விட்டுத் தாய்க்குலத்தின் பெயரை ஏற்றுக்கொண்டான்.