வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மண்டபம் வாசகி ஒருவர்: அமேசான் காட்டில் சில நூறு பேர் மட்டுமே பேசுகிற பிரஹா மொழி இன்னும் நன்றாக இருக்கிறதாமே, எப்படி?

ஆள் கணக்கை வைத்து மொழியின் ஆயுளைச் சொல்ல முடியாது அம்மா. வீட்டில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிரேசிலில் மைசி ஆற்றங்கரையில் வாழும் பிரஹா மக்களில் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் தாய்மொழி. பிரேசிலின் பொதுமொழியான போர்த்துக்கீசியம் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான், அதுவும் ஆற்றில் வரும் வியாபாரிகளிடம் பேசும் அளவுக்கு. சொல்லின் பொருளைக் காட்டும் குரலின் ஏற்ற இறக்கம்தான் அந்த மொழிக்கு உயிர், அதனால் வேட்டைக்குப் போகிறவர்கள் விசிலடித்தே பேசிக்கொள்வார்கள், தாய்மார்கள் வாயைத் திறக்காமல் முனகியே குழந்தையிடம் பேசுவார்கள். உங்கள் பக்கம் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிள்ளைகள் நாட்டுப்படகில் அப்பாவோடு போய்த்தானே கற்றார்கள், அதே மாதிரி அங்கே மொழி தினசரி வேலையோடு சேர்ந்தே பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது.

இவர்களுடைய உறவுக்காரர்களான முரா மக்களைப் பாருங்கள். பிரஹாவைவிட எத்தனையோ மடங்கு அதிகம் பேர், ஆனால் தங்கள் மொழியை விட்டுப் போர்த்துக்கீசியத்துக்கு மாறிவிட்டார்கள். எனக்கு மனசு கனக்கிற விஷயம் இது. ஒரு மொழி எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்று அளக்க 2003-இல் யுனெஸ்கோவுக்காக நிபுணர்கள் வகுத்த ஒன்பது அளவுகோல்களில் முதலாவது, மொழி அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்பதுதான். அதற்காக பிரஹாவுக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இத்தனை சின்னக் கூட்டத்தில் ஒரு தொற்றுநோய் புகுந்தால் போதும்.

தொண்டி வாசகர்: அரசு ஆட்சிமொழி ஆக்கிவிட்டால் பிழைத்துவிடுமா?

உதவும், ஆனால் போதாது. பிரேசிலின் சாவோ கப்ரியேல் ஊராட்சி 2002-இல் நீங்காத்து, துக்கானோ, பனிவா என்ற மூன்று உள்ளூர் மொழிகளையும் ஆட்சிமொழியாக்கியது, பெரிய காரியம்தான். அதே வட்டாரத்தில் தரியானா என்றொரு மொழி இருக்கிறது, அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பேசுவோர் நூறு பேர் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள், பிள்ளைகள் துக்கானோவுக்குப் போய்விட்டார்கள். அதாவது அதை விழுங்கியது போர்த்துக்கீசியம் மட்டுமில்லை, பக்கத்து ஊர்ப் பழங்குடி மொழியும்தான்.