தேராவில் பெட் ஸ்பேஸ் பிடித்திருக்கும் தம்பிக்கு

“காக்கா (அண்ணா), அடுத்த மாதம் துபாய் வருகிறேன், பழைய துபாயின் தேரா பகுதியில் பெட் ஸ்பேஸ், பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டில். சாப்பாடு, லீவு நாள் சுற்றல் எல்லாம் எப்படி? மால் விட்டால் மணல்தான் என்கிறார்களே, உண்மையா?” என்று பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் கீழக்கரை. எங்கள் தெருவில் இந்தப் பேச்சு கேட்காத திண்ணை கிடையாது, அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

தேரா கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம், தம்பி. துபாய் மெரினா பக்கம் போட்டிருந்தால் பாதிச் சம்பளம் வாடகைக்கே போயிருக்கும்.

முதல் சம்பளம் வரும்வரை ஹோட்டலை மறந்துவிடுங்கள். ரூமில் முறை வைத்துச் சமைத்தால் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாதக் கணக்கில் மெஸ். கிரீக்குக்கு அக்கரையில் உள்ள கராமா பகுதியில் சரவண பவன், சங்கீதா, அஞ்சப்பர் எல்லாம் உண்டு. ஆனால் பில்லை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் போகிறவரை அங்கே தோசை தொண்டையில் இறங்காது. ஊர்ச் சாப்பாட்டைக் காசு கொடுத்துத் தேடுவதைவிட, ஊரில் கிடைக்காததைச் சாப்பிடுங்கள் என்பது என் கட்சி. தேராவிலேயே முரக்கபாத், ரிக்கா தெருக்களில் நடந்தாலே சிரியா, இராக், ஏமன் என்று வாசனை மாறிக்கொண்டே வரும். மந்தி என்ற ஏமன் கறிச்சோற்றுக்குத் தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். நம் கல்யாண வீட்டுச் சஹன் மாதிரி ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தால்தான் அதற்கு ருசி, செலவும் பங்காகிவிடும். சத்வா பகுதியில் ராவி என்று 1978 முதல் நடக்கும் பாகிஸ்தானிக் கடை ஒன்று உண்டு. ரொட்டியும் கறியும் கேளுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

மீன் இல்லாமல் நமக்கு ஆகாது. தேராவின் பழைய மீன் மார்க்கெட் 2017இல் வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டுக்கு மாறிவிட்டது. முழுக்க ஏசி; மீன் கடைக்கு உள்ளே குளிருமா என்று நமக்குச் சிரிப்பு வரும். அங்கே ஷேரி என்று கிடப்பது நம் விளைமீன் சாதி, ஹமூர் களவா, கனாத் வஞ்சிரம். ஹமூரை ஊரே கொண்டாடும். மன்னார் வளைகுடா மீனில் வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும், விலை மட்டும் உறைக்கும். ஷேரி வாங்குங்கள், குழம்புக்கு அதுதான் சரி. வெட்டிச் சுத்தம் செய்ய அங்கேயே ஆள் உண்டு, அதற்குத் தனிக் கூலி.

சுற்ற வேண்டுமென்றால் முதலில் கிரீக், ஊருக்குள் நுழைந்த கடற்கழி. ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா என்ற படகில் ஏறினால் அக்கரையில் பர்துபாய். தேராக் கரையில் மரக்கலங்களில் டயர், ஃபிரிட்ஜ், மூட்டை என்று ஏற்றிக்கொண்டிருப்பார்கள். தோணி பார்த்து வளர்ந்தவனுக்கு அதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். அக்கரையில் மீனா பஜார் கடைத்தெரு, அப்புறம் அல் ஃபாஹிதியில் காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகள். நடக்கக் காசு வேண்டாம். கையில் ஒரு கரக் டீ, அதாவது இங்கத்திய ஸ்ட்ராங் பால் டீ, இருந்தால் போதும். ஆனால் அந்த டீயோடு மெட்ரோவில் ஏறிவிடாதீர்கள், உள்ளே தின்றாலும் குடித்தாலும் 100 திர்ஹாம் அபராதம்.

மாலுக்கும் போகலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. துபாய் மால் நீரூற்று ஆட்டம் சும்மா பார்க்கலாம். மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மாலுக்குப் போகும் பாலம் முடியவே முடியாது, நல்ல செருப்பாகப் போடுங்கள்.

கடலில் குளிக்க மம்சார் கடற்கரைப் பக்கம். வேலை முடிய இரவாகிவிட்டால் ஜுமைரா 2, ஜுமைரா 3, உம் சுகைம் 1 கடற்கரைகளில் விளக்குப் போட்டு இரவிலும் குளிக்க விடுகிறார்கள். இதெல்லாம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் சுகம். வெயில் காலத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை, வெட்டவெளி வேலையையே அரசாங்கம் தடுத்து வைத்திருக்கிறது. அந்த வெயிலில் யாராவது பாலைவன சஃபாரிக்குக் கூப்பிட்டால் தூங்கப் போங்கள்.

கூட வரும் நண்பருக்காகக் குடி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நண்பருக்காக, சரி. 21 வயது ஆகியிருக்க வேண்டும். வெளியில் குடிப்பதென்றால் லைசென்ஸ் உள்ள ஹோட்டல், பார் போன்ற இடங்களில் மட்டும். தெருவிலோ கடற்கரையிலோ கூடாது. குடித்துவிட்டு வண்டியைத் தொடவே கூடாது, இங்கே “கொஞ்சம்தான்” என்ற கணக்கு கிடையாது. பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் மது அறவே இல்லை, பாட்டிலோடு எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மேடையில் பாட்டு நடக்கும் பார்களில், பாடுகிறவருக்கு மாலை போடச் சொல்லிப் பையைக் காலி பண்ணுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோன்பு மாதத்தில் வந்தால் தேரா லூத்தா பள்ளிவாசலுக்குப் போங்கள். ஈமான் என்ற நம் தமிழ் முஸ்லிம் அமைப்பினர் நம் ஊர் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். அஸர் (மாலைத் தொழுகை) தொழுதுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுங்கள், தாமதமாகப் போனால் இடம் கிடைக்காது.