டக்ளஸின் 1845 தன்வரலாறு: தப்பிய விவரம் ஏன் இல்லை?

டக்ளஸின் 1845 தன்வரலாற்றில் அவர் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய விவரம் காணவில்லை, பக்கங்கள் விடுபட்டுவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரதியில் பக்கங்கள் எவையும் விடுபடவில்லை. 1838 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து தப்பிய வழியை, அடிமையாயிருந்து பின்னர் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸே வேண்டுமென்று மறைத்தார். அடிமைமுறை அப்போதும் நடப்பில் இருந்ததால், உதவியவர்கள் துன்பத்துக்கு உள்ளாவார்கள் என்றும், தப்ப நினைக்கும் மற்றவர்களுக்கு அவ்வழி அடைபடும் என்றும் அவர் அஞ்சினார். 11-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இதைச் சொல்கிறார். அப்பகுதியை நிதானமாக மறுபடி படியுங்கள், நூலின் மிகத் துணிவான இடம் அதுவே என்பது என் எண்ணம்.

ஐயம் தீர, 11 அத்தியாயங்களும் பின்னிணைப்பும் உள்ளனவா என்று பாருங்கள்.

மாலுமி உடையணிந்து, இரவல் பெற்ற கடலோடிச் சான்றிதழுடன் ரயிலேறிய கதை 1881-இல் வந்த மூன்றாம் தன்வரலாற்றில் உள்ளது. வாங்கும்போது ஆண்டைச் சரிபார்க்கவும். 1855-இல் வந்த இரண்டாவதிலும் அவ்விவரம் கிடையாது.