கோடை விடுமுறையில் மாணவர் நடத்தும் பெயின்ற் கொம்பனியில் வேலைக்குச் சேரலாமா?

கேள்வி: ஒன்ராறியோவில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்களே நடத்துகிற வீட்டுப் பெயின்ற் கொம்பனி ஒன்றில் கோடைக்கு வேலை இருக்கிறது என்று வளாகத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். மனேஜராகவும் சேரலாமாம். சேரலாமா?

பதில்:

சேரலாம். ஆனால் பெயின்ற் அடிக்கிற ஆளாகச் சேருங்கள், முதல் கோடையிலேயே மனேஜராகப் போகாதீர்கள். அதற்கும் முதல், சம்பளத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் 2013 கோடை முழுக்க ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம் இந்த வேலை செய்தேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கனடாவில் இந்த முறை பழையது. 1971இல் கிரெக் கிளார்க் என்ற மாணவர் தொடங்கிய காலேஜ் புரோ என்ற பெயின்ற் கொம்பனியைத்தான் எல்லோரும் முன்னோடியாகச் சொல்வார்கள். நான் வேலை செய்தது அதில் இல்லை, அதே அச்சில் நடந்த இன்னொன்றில். தலைமைக் கொம்பனி பனிக்காலத்துக்கு முன்பே வளாகத்துக்கு வந்து மாணவர்களை மனேஜராகப் பிடிக்கும், பயிற்சி கொடுக்கும், ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கும். அதன்பிறகு அந்த மாணவர்தான் அந்தப் பகுதிக்கு முதலாளி மாதிரி. வான், ஏணி, பெயின்ற், ஆட்களின் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில். விற்பனையில் ஒரு பங்கு மேலே போய்விடும், அவருக்கு இலாபம் வந்ததா இல்லையா என்பது வேறு கதை. மார்ச் மாதக் குளிரில் வீடு வீடாகக் கதவு தட்டி வேலை பிடிப்பார், ஏப்ரல் பரீட்சை முடிந்ததும் எங்களை மாதிரி ஆட்களை எடுப்பார், மே தொடங்கி ஓகஸ்ட் கடைசி வரை வேலை நடக்கும்.

எல்லாப் பிரச்சினைக்கும் வேர் அந்த மார்ச் மாதத்தில்தான் இருக்கிறது. அதுவரை ஒரு கதவுக்குக்கூட பெயின்ற் அடித்திராத இருபது வயதுப் பிள்ளை, முற்றத்தில் பனி கிடக்கும்போது, நிலத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டுக்கு இத்தனை மணித்தியாலம் பிடிக்கும் என்று எழுதி விலை சொல்லிவிடுகிறார். ரொறன்ரோப் பக்கம் அனேகமான வீடுகள் செங்கல் என்பதால் வெளிப்புற வேலை என்றால் சன்னல் சட்டம், கூரை ஓரப் பலகை, போர்ச், கராஜ் கதவு, வேலி, டெக், இவ்வளவுதான். பார்க்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் இதில் ரோலரை உருட்ட இடமே இல்லை, எல்லாம் பிரஷ் வேலை, அதிலும் பாதிக்கு மேல் பழைய பெயின்றைச் சுரண்டுகிற வேலை. வெயில் பட்டுச் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கிற சன்னல் விளிம்பு மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். சுரண்டி, சான்ட் பேப்பர் போட்டு, தூசி துடைத்து, வெடிப்புகளை அடைத்து, வெறும் மரத்துக்குப் பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகுதான் முதல் பூச்சு. மார்ச்சில் எழுதிய கணக்கில் இதற்கெல்லாம் இடம் இருக்காது.

இனிச் சம்பளத்துக்கு வருகிறேன். பல இடங்களில் உண்மையில் செய்த மணித்தியாலத்துக்குச் சம்பளம் இல்லை, கணக்கில் எழுதிய மணித்தியாலத்துக்குத்தான். வேகமாக முடித்தால் உங்களுக்கு இலாபம் என்று நேர்முகத்தில் சொல்வார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு, ஒரு வீட்டுக்கு 80 மணித்தியாலம், மணிக்கு 12 டொலர் என்று எழுதினால் மொத்தம் 960 டொலர். அந்த வேலை 110 மணித்தியாலம் இழுத்தால் மணிக்கு 8 டொலர் 73 சதம்தான் தேறும். 2013இல் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 10 டொலர் 25 சதம். அதாவது மனேஜரின் தவறான மதிப்பீட்டுக்கு ஏணியில் நிற்கிறவர் காசு கட்டுகிறார். எங்களுக்கும் தொடக்கத்தில் இதுதான் நடந்தது, நாங்கள் கூடிக் கேட்ட பிறகுதான் மணிக்கணக்குக்கு மாறியது.

இது சட்டப்படி செல்லாது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் சம்பளம் கொடுத்தாலும், உழைத்த மணித்தியாலங்களால் வகுத்துப் பார்த்தால் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது. வேலை சரியில்லை, திரும்பப் போய் அடிக்க வேண்டி வந்தது என்று சொல்லி உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வானில் போகிற நேரமும் வேலை நேரம்தான். நீங்கள் வேலையாள் இல்லை, சுயதொழில் செய்பவர் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். வான் அவருடையது, ஏணி அவருடையது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வதும் அவர், அப்படியானால் தாளில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் வேலையாளாகவே கருதப்பட வாய்ப்பு அதிகம். தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், வீட்டு முகவரி, இவற்றை போனில் குறித்து வையுங்கள். பின்னால் தொழில் அமைச்சுக்கு முறையிட வேண்டி வந்தால், அதற்குக் கட்டணம் இல்லை, அந்தக் குறிப்புத்தான் உங்கள் சாட்சி.

பாதுகாப்பைப் பற்றி நேர்முகத்தில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். நீட்டு ஏணி என்றால் நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி ஊன்ற வேண்டும், கூரையில் ஏறுவதாக இருந்தால் ஏணி கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி நீள வேண்டும். மழை பெய்து மண் இளகியிருந்தால் ஏறாதீர்கள், மனேஜர் அவசரப்படுத்தினாலும் ஏறாதீர்கள். நான் வேலை செய்த காலத்தில் ஒரு காலைப்பொழுதில் காட்டித் தந்ததுதான் பயிற்சி. 2015 ஏப்ரலில் இருந்து ஒன்ராறியோவில் கட்டுமான வேலைகளுக்கு உயர வேலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள், அதை உங்களுக்குக் கொடுப்பார்களா, விழுந்து காயப்பட்டால் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் ஈயம். 1960க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்றில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு, 1990 வரை கட்டிய வீடுகளின் வெளிப்பூச்சிலும் இருக்கலாம். அதை உலரச் சுரண்டினாலோ மெஷினால் தேய்த்தாலோ அந்தத் தூசி உங்கள் மூச்சிலும், உடுப்போடு உங்கள் வீட்டுக்கும் வரும். வீடு கட்டிய வருடத்தைக் கேளுங்கள், தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், சரியான மாஸ்க் கேளுங்கள், கீழே விரிப்பு விரியுங்கள், அந்த உடுப்போடு தம்பி தங்கையைத் தூக்காதீர்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தது கொம்பனி இல்லை, இருபது வருடமாக ரொறன்ரோவில் பெயின்ற் வேலை செய்த என் மாமா. "பிள்ளை, பெயின்ற் அடிக்கிறது கடைசி வேலை, அதுக்கு முதல் செய்யிறதுதான் வேலை" என்பார். நேர் வெயில் படுகிற சுவரில் அடிக்காதே, நிழல் போகிற பக்கமாக வீட்டைச் சுற்றி வா என்பதும், பிரஷ்ஷின் முனையை மட்டும் தோய்த்து டேப் ஒட்டாமலே கண்ணாடி ஓரத்தில் கோடு இழுப்பதும் அவரிடம் படித்ததுதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் சேரச் சொல்கிறேன் என்றால், அந்த வேலை எனக்கு உண்மையாகவே பிடித்தது. நாள் முழுக்க வெளிக்காற்று, என் வயதுப் பிள்ளைகள், சாயந்தரம் தெருவுக்கு இறங்கி நின்று பார்த்தால் காலையில் இருந்த வீடு இல்லை அது. யாரோடும் கூச்சமில்லாமல் பேசவும், வீட்டுக்காரர் கோபமாக நிற்கும்போது நிதானமாக விளக்கம் சொல்லவும் அங்கேதான் பழகினேன். ஒரு கோடை ஏணியில் நின்றவருக்கு ஒரு சன்னல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கைக்கே தெரியும். அப்படிப்பட்டவர் அடுத்த மார்ச்சில் மனேஜராகப் போனால் அவர் எழுதுகிற கணக்கில் யாரும் நட்டப்பட மாட்டார்கள். தெரியாமல் போகிறவருக்குத்தான், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், செப்டெம்பரில் கல்விக்கடனோடு வான் வாடகையும் பெயின்ற் கடைப் பாக்கியும் சேர்ந்து நிற்கும். எங்கள் மனேஜர் கெட்டவர் இல்லை, நித்திரை இல்லாமல் ஓடித்திரிந்தார், கோடை முடிவில் எங்கள் சிலரைவிட அவர் கையில் குறைவாகத்தான் மிஞ்சியது.

சரி, நேர்முகத்துக்குப் போகும்போது கொம்பனியின் பெயரைவிட உங்கள் பகுதி மனேஜர் யார் என்பதைப் பாருங்கள். போன கோடை அவரிடமோ அந்தப் பகுதியிலோ பெயின்ற் அடித்த இரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு வேலை தேடுங்கள். தந்தால், ஓகஸ்ட் மாதக் கடைசிச் சம்பளம் முழுசாகக் கைக்கு வந்ததா என்று அவர்களிடம் கேளுங்கள்.