35 ஆயிரம் கூடக் கொடுத்து அரைக் கிலோ குறைக்கலாமா?

கேள்வி: ஓடிட் நிறுவனம் ஒன்றில் ட்ரெய்னியாக இருக்கிறேன். தினமும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில், இடைக்கிடை கிளையன்ட் அலுவலகங்களுக்கு பஸ். யுனிட்டி பிளாசாவில் பாவித்த லப்டொப் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். திங்க்பேட் டி480, 95 ஆயிரம். எக்ஸ்1 கார்பன் 6ஆம் தலைமுறை, 1 லட்சத்து 30 ஆயிரம். இரண்டிலும் 8 ஜிபி ரேம். எக்செல்தான் முக்கிய வேலை. கார்பனைத் தூக்கினால் காகிதம் மாதிரி இருக்கிறது, மனம் அதில்தான் நிற்கிறது. எதை எடுக்க?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: டி480 எடுங்கள் தங்கச்சி.

கார்பன் 1.13 கிலோ, டி480 சின்ன பற்றரியோடு 1.6 கிலோவுக்குக் கிட்ட. காலை ஒபிஸ் ரயிலில் நின்றுகொண்டு போகிறவருக்கு அந்த அரைக் கிலோ தோளில் தெரியும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கார்பனில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது. 8 ஜிபி என்றால் அது கடைசிவரை 8 ஜிபிதான், பிறகு எவ்வளவு காசு கொடுத்தாலும் கூட்ட முடியாது. பெரிய லெட்ஜர் இரண்டு, பிரவுசரில் பத்து டேப், நடுவில் ஒரு சூம் மீட்டிங் என்று திறந்தால் அது மூச்சு வாங்கும். டி480இல் ரேம் போட இரண்டு இடம் இருக்கிறது, மிஞ்சும் 35 ஆயிரத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். (கார்பன் 16 ஜிபியோடு இதே விலைக்குக் கிடைத்தால் என் பதில் மாறும், அப்போது அதையே எடுங்கள்.)

வேகத்தில் இரண்டும் 2018ஆம் ஆண்டுக்காரர்கள், பெரிய வித்தியாசம் இல்லை. டி480இல் நெட்வொர்க் கேபிள் நேரே குத்தலாம், கார்பனுக்கு அடப்டர் வேண்டும், வைஃபை பாஸ்வேர்ட் தராமல் கேபிளை நீட்டும் கிளையன்ட்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பற்றரியும் அப்படித்தான்: டி480இல் உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றக்கூடியது ஒன்று. வெளியே இருப்பதை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். வெளியே பெரிய 72 வாட்-மணி பற்றரி போட்டால் நாள் முழுக்கச் சமாளிக்கலாம், ஆனால் பாரமும் கூடும், அடியில் ஒரு புடைப்பும் வரும்.

டி480இல் எனக்குப் பிடிக்காதது திரை. சிலவற்றில் 1366க்கு 768 திரை வரும், எக்செல்லில் பாதி கொலம் வெளியே போய்விடும். டிஸ்பிளே செட்டிங்கில் 1920க்கு 1080 என்று காட்டினால் மட்டும் மேலே பேசுங்கள்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே நின்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. புரொசசர் பெயரில் ஐ5 என்பதற்குப் பிறகு வரும் எண் 8இல் தொடங்க வேண்டும், டி480இலேயே 7இல் தொடங்கும் புரொசசரோடு வந்தவையும் உண்டு. அவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. "அக்கா, 11 போட்டுத்தான் இருக்கு" என்று கடைக்காரத் தம்பி காட்டினாலும் நம்பாதீர்கள், இந்த மாதிரிப் பழையதிலும் வலிந்து போடலாம். பிறகு, பற்றரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பற்றரியின் விலையை 95இலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். சார்ஜரை இரண்டு டைப்-சி துளையிலும் மாற்றி மாற்றிக் குத்திப் பாருங்கள்.

கடைசியாக, மெஷினை நிறுத்தித் திரும்பப் போடும்போது எஃப்1 விசையை அழுத்தி பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்) போங்கள். இவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்ட மெஷின்கள், சிலதில் பழைய நிர்வாகி போட்ட பாஸ்வேர்ட் அப்படியே கிடக்கும், அது சாதாரணமாக அழியாது. பாஸ்வேர்ட் கேட்டால், "பிறகு எடுத்துத் தாறம்" என்றாலும் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.