சைக்கிள் கேள்வி பதில்: ஏற ஒரு மணி நேரம், இறங்கப் பத்து நிமிடம்

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை. வயது 41, எடை 84 கிலோ. ஞாயிறுதோறும் தோட்டத்துச் சரளை ரோட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும் முன்னால் மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெயில் சைக்கிள் ஓட்டுகிறேன். செங்குத்தாக ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. இறங்கும்போது கை மரத்துப்போகிறது. பின்னாலும் ஷாக் உள்ள ஆல்-மவுண்டன் சைக்கிள் வாங்க நினைக்கிறேன். கடைக்காரர் 170 மி.மீ. டிராவல் (ஷாக் அமுங்கும்போது சக்கரம் மேலே போகும் தூரம்) எடுங்கள் என்கிறார். கூட ஓட்டும் நண்பர் 120 போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகர், குன்னூர்)

பதில்: கடைக்காரர் சொன்ன 170-ஐ நான் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டேன். 16 கிலோ சைக்கிள். ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி அமுங்கி எழும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "ஏன் தம்பி, பஞ்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் மலையில் ஒரு மணி நேரம் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம். ஆகவே முதலில் ஏற்றத்தைக் கவனியுங்கள். பின்னால் 140, முன்னால் 150 மி.மீ. உங்களுக்குத் தாராளம். டிராவலை இதோடு விடுங்கள். கடையில் கேட்க வேண்டிய முதல் எண் சீட் டியூபின், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயின் கோணம். 76, 77 டிகிரி இருக்கட்டும். பழைய சைக்கிள்களில் 73 சுற்றி இருக்கும். அதில் இடுப்பு பின்சக்கரத்துப் பக்கம் சாய்ந்துவிடும். மேட்டில் பின்ஷாக்கும் அமுங்கினால் இன்னும் பின்னால் போகும். முன்சக்கரம் தூக்குவது இதனால்தான். கோணம் நிமிர்ந்திருந்தால் இடுப்பு பெடலுக்கு மேலே வந்து நிற்கும், முன்சக்கரத்தில் பாரம் விழும்.

ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் டியூப் குழாயின் கோணம் இதற்கு நேர் எதிர், அது படுத்திருந்தால்தான் இறக்கத்தில் தைரியம். ஆனால் 63-க்குப் போய்விட்டால் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் குடித்தவன் மாதிரி அலையும். 65-ஐ ஒட்டி இருந்தால் இரண்டுக்கும் ஒத்துவரும்.

கியரில் முன்னால் 30 பல், பின்னால் பெரியது 51 பல் கேளுங்கள். 29 அங்குலச் சக்கரத்தில் ஒரு முழு மிதிக்கு சுமார் 1.35 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நடை வேகம். சிரிக்காதீர்கள், எஸ்டேட் குறுக்குப் பாதையில் அதுதான் நிஜ வேகம்.

இறக்கத்துக்கு முதல் செலவு பிரேக். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு முறை, சின்ன டிஸ்க் போட்ட சைக்கிளில், பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினேன். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. காலை ஊன்றி எப்படியோ நிறுத்திப் பார்த்தால் டிஸ்க் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. கிளட்ச் கருகிய லாரி மாதிரி நாற்றம். உங்கள் எடைக்கு முன்னால் 203 மி.மீ. டிஸ்க், பின்னால் குறைந்தது 180, நாலு பிஸ்டன் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் பிடிக்கும்) பிரேக். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடப் பழகுங்கள். உங்கள் தோட்டத்தில் வளைவு திரும்பினால் காட்டெருமை நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டிராப்பர் போஸ்ட் இல்லாத சைக்கிளை வாங்காதீர்கள். உட்கார்ந்தபடி கட்டைவிரலால் ஒரு அழுத்து, சீட் கீழே போய்விடும். ஏற்றம் வந்ததும் எழுந்து இன்னொரு அழுத்து, மேலே வந்துவிடும். இறங்கி ஏறி சீட் கிளாம்ப்பைத் திருகுகிற வேலை மிச்சம்.

கை மரத்துப்போவதற்குப் பாதிக் காரணம் டயர் காற்றாக இருக்கலாம். பெட்ரோல் பங்கில் 40 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்களா? 2.4 அங்குல டியூப்லெஸ் டயருக்கு முன்னால் 23, பின்னால் 26 வைத்து ஓட்டிப் பாருங்கள். டியூப் உள்ள டயருக்கு இவ்வளவு குறைக்கக் கூடாது. கல் இடித்தால் டியூப் கிழியும்.

வாங்கும் அன்று பின்ஷாக்கின் காற்றை உங்கள் எடைக்குச் சரிபாருங்கள். அதில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதைச் சீல் வரை தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போடும் பை, தண்ணீரோடு மெல்ல ஏறி உட்கார்ந்து, குதிக்காமல் இறங்குங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது அது முழுதாக அமுங்கும் தூரம், 55 மி.மீ. என்றால் வளையம் 16 மி.மீ. அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டும். அதிகம் நகர்ந்தால் காற்று ஏற்றணும், குறைந்தால் இறக்கணும். இதைச் செய்ய ஷாக் பம்ப் வேண்டும். கடையில் இல்லை என்றால் அங்கே சைக்கிள் வாங்காதீர்கள்.

கேள்வி: மூன்று முன் பல்சக்கரம் உள்ள பழைய சைக்கிள் வைத்திருக்கிறேன். இப்போது எல்லோரும் ஒற்றைப் பல்சக்கரம்தான் என்கிறார்கள். மாற்றினால் ஏற்காடு ஏறுவது சுலபமாகுமா?
(வாசகி, சேலம்)

பதில்: ஆகாதும்மா. உங்கள் சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் சின்னது 22, பின்னால் பெரியது 34 பல் இருக்கும். எண்ணிப் பாருங்கள். 22-ஐ 34-ஆல் வகுத்தால் 0.65. புதுசில் பரவலாக வரும் 32-க்கு 51 என்றால் 0.63. வித்தியாசம் காலுக்குத் தெரியவே தெரியாது. ஒற்றைப் பல்சக்கரத்தில் செயின் அவ்வளவாகக் கழலாது, இடக்கைக்கு ஒரு லீவர் குறையும், அவ்வளவுதான். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் மாற்ற வேண்டி வரலாம், அதில்தான் பணம் போகும். அந்தப் பணத்தில் புது செயின், நல்ல பிரேக் பேட், இரண்டு டயர் போடுங்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சின்னப் பல்லிலேயே, அவசரப்படாமல் ஏறுங்கள்.