சும்மா நிற்பதற்குச் சம்பளமா?

கேள்வி: லண்டனில் எம்.ஏ. படிக்கிறேன். ஓவிய வகுப்புகளில் ஆடையில்லாமல் சும்மா நின்றாலே மணிக்கணக்குப் பார்த்துப் பணம் தருகிறார்கள் என்கிறாள் தோழி. எனக்கும் ஆசை. எப்படி ஆரம்பிப்பது? வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வது?
- பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: வீட்டுக்கு என்ன சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். எனக்குப் பொறுக்காதது அந்தச் 'சும்மா'. இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பேர் உழைப்பை நாம் விழுங்கியிருக்கிறோம்! சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்ப்பவள் 'வீட்டில் சும்மா இருக்கிறாள்'. விடிய விடியக் கண்விழிக்கும் வாட்ச்மேன் 'சும்மா உட்கார்ந்திருக்கிறார்'. இப்போது மாடலும் 'சும்மா' நிற்கிறாள்.

இன்றிரவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பாருங்கள். பாரம் ஒரு காலில், ஒரு கை தலைக்கு மேல், கண் சுவரில் ஒரே புள்ளியில். இருபது நிமிடம். முதலில் மூக்கு அரிக்கும். பிறகு கால் மரக்கும். தூக்கிய கை கல்லாய்க் கனக்கும். முட்டியை விறைப்பாக வைத்திருந்தால் தலைசுற்றி விழவும் கூடும். பழகியவர்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தித்தான் நிற்பார்கள். நீண்ட போஸ் என்றால் பாதத்தைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வைப்பார்கள். இடைவேளை முடிந்ததும் அதே தடத்தில் கால் வைத்து, அதே வலிக்குள் திரும்பப் போக வேண்டும்.

பாரிஸில் சுசான் வாலதோன் இப்படித்தான் நின்றார். 1865இல் பிறந்தவர், சலவைத் தொழிலாளியின் மகள். ரெனுவார் முதலான ஓவியர்களுக்கு மாடலாக நின்றபடியே அவர்கள் கை போகும் போக்கைப் பார்த்து வரையக் கற்றார். ஓவியர் தெகா அவருடைய கோட்டோவியங்களைக் காசு கொடுத்து வாங்கினார். 1909இல் தன்னையும் தன் காதலரையும் ஆதாம் ஏவாளாக, ஆடையின்றி வரைந்தார். பிறகு அதைக் கண்காட்சியில் வைப்பதற்காக ஆதாமின் இடுப்பில் இலைகள் முளைத்தன. ஏவாளுக்கு ஓர் இலைகூட இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நம் பத்திரிகைப் படங்களைப் பற்றி நான் பலமுறை எழுதி, ஓவிய நண்பர்கள் சிலரின் பகையைச் சம்பாதித்திருக்கிறேன். மறுபடியும் எழுதுகிறேன். செல்போன் படத்தைப் பார்த்து வரைந்த மனிதனுக்குக் கால் தரையில் பதிவதில்லை. குடம் சுமப்பவளின் இடுப்பு ஒடிவதில்லை. எதிரே ஓர் உடம்பு மூச்சு விட்டு நிற்க வேண்டும். பாரம் எந்த எலும்பின் வழியாக இறங்குகிறது என்று கண் தேட வேண்டும். முன்பொரு இதழில் நிர்வாணக் கோட்டோவியம் போட்டதற்காகச் சந்தாவை நிறுத்திய அன்பர்களுக்கும் இதைத்தான் எழுதினேன்.

சரி, ஆரம்பிக்கும் வழி. முதலில் அப்படி ஒரு வகுப்பில் வரைபவராகப் போய் உட்காருங்கள். இடம் பிடித்திருந்தால் நடத்துபவருக்கு எழுதிக் கேளுங்கள். ஓவிய மாடல்களுக்கென்றே பிரிட்டனில் ஒரு பதிவேடும் இருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடக் குறும் போஸ்களில்தான் வகுப்பு பெரும்பாலும் தொடங்கும். உடம்பை முறுக்குவது, கையை எட்டி நீட்டுவது எல்லாவற்றையும் அதில் காட்டிவிட்டு, நீண்ட போஸுக்குத் தாங்கக்கூடியதை வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் உண்டா, உடை மாற்றத் தனி இடம் உண்டா என்று முன்பே கேளுங்கள். சட்டென்று போட்டுக்கொள்ள ஓர் அங்கி கையோடு இருக்கட்டும்.

விசாவைக் கவனியுங்கள். மாணவர் விசாவில் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். சுயதொழில் கூடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாடல்களில் பலர் சுயதொழிலராகத்தான் பணம் வாங்குகிறார்கள். ஆகவே உங்களைச் சம்பளப் பட்டியலில் சேர்க்கும் கல்லூரியாகத் தேடுங்கள். பல்கலைக்கழக விசா ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படம் எடுக்கக் கூடாது என்பதை வகுப்பு தொடங்குமுன் ஆசிரியர் வாயால் எல்லோருக்கும் சொல்ல வையுங்கள். அதற்கு மேலும் ஒரு செல்போன் உயர்ந்தால் அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுங்கள். அன்றைய கூலியை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.